வாசகர் கேள்வி–பதில்: குற்றம் செய்தவர் தாமாகவே கழுவாய் தேடுவாரா?

இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் ஐந்து ஒரே பொருளைச் சுற்றியே இருந்தன. ஆகவே மற்றவற்றை அடுத்த இதழுக்குத் தள்ளி வைத்துவிட்டு இந்த ஐந்தை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறேன். தங்கள் பெயரைப் போட வேண்டாம் என்று இருவர் கேட்டுக்கொண்டதால் ஒருவர் பெயரையும் போடவில்லை.

கேள்வி: எனக்கும் என் நண்பருக்கும் நெடுநாளாக ஒரு வழக்கு. ‘தன்நெஞ்சே தன்னைச் சுடும்’ என்று வள்ளுவர் சொல்லியிருப்பதால், குற்றம் செய்தவன் யாரும் சொல்லாமலேயே ஒருநாள் வருந்திக் கழுவாய் தேடுவான் என்பது என் கட்சி. அகப்படும் வரையில் எவனும் வருந்துவதில்லை என்பது அவர் கட்சி. நீங்கள் யார் பக்கம்?
— ஓய்வுபெற்ற ஆசிரியர்

பதில்: குறளை இன்னொரு முறை நிதானமாகப் படித்துப் பாருங்கள். நெஞ்சு சுடும் என்றுதான் வள்ளுவர் சொல்கிறார். சுட்ட புண்ணுக்கு மருந்து தேடி அவன் புறப்பட்டுவிடுவான் என்று அவர் எங்கும் உறுதி கொடுக்கவில்லை. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்ற பழமொழியும் குறுகுறுப்போடு நின்றுகொள்கிறது. சுடுவது வேறு, எழுந்து நடப்பது வேறு. உங்கள் இருவருடைய வழக்கில் இவை இரண்டும் கலந்துவிட்டன. சுடுவதற்கு வெளியார் எவரும் தேவையில்லை என்பதில் நான் உங்கள் கட்சி. எழுந்து நடப்பதற்குப் பெரும்பாலும் வெளியே ஒருவர் தேவைப்படுகிறார் என்பது என் எண்ணம். ஆனால் அந்த ஒருவர் கையில் விலங்கோடுதான் வர வேண்டும் என்று உங்கள் நண்பர் நினைப்பதை நான் ஏற்கவில்லை.

முதலில் உங்களுக்குச் சாதகமான சாட்சியைச் சொல்லிவிடுகிறேன். காந்தி தம் 15ஆவது வயதில், அண்ணன் பட்டிருந்த 25 ரூபாய்க் கடனை அடைப்பதற்காக, அதே அண்ணன் அணிந்திருந்த தங்கக் காப்பிலிருந்து ஒரு துண்டு பொன்னை வெட்டி எடுத்தார். கடன் தீர்ந்தது. யாரும் கண்டுபிடிக்கவில்லை. ஆனாலும் பொறுக்க முடியாமல், வாயால் சொல்லவும் துணிவு வராமல், எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி, தக்க தண்டனை தர வேண்டும் என்றும் தம் பிழைக்காகத் தந்தை தம்மையே வருத்திக்கொள்ளக் கூடாது என்றும் கேட்டு, நோயாய்ப் படுத்திருந்த தந்தையிடம் கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்துகொண்டார். தந்தை எழுந்து உட்கார்ந்து படித்தார். கண்ணீர் வழிந்து தாள் நனைந்தது. சற்று நேரம் கண்ணை மூடியிருந்துவிட்டு, தாளைக் கிழித்துப் போட்டு, மறுபடி படுத்துக்கொண்டார்.

இதில் தூண்டியவர் எவரும் இல்லை என்பது உண்மை. ஆனால் அந்தத் தாள் போய்ச் சேருவதற்கு ஒருவர் இருந்தார் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். அடி விழும் என்று தாம் அஞ்சவில்லை, தந்தைக்கு உண்டாகப் போகும் வேதனையைத்தான் அஞ்சினோம் என்ற பொருளில் காந்தியே எழுதியிருக்கிறார். அந்த முகம் மட்டும் இல்லாதிருந்தால் அந்தச் சிறுவன் எழுதியிருப்பானா என்று எனக்குச் சந்தேகம்தான்.

இன்னொரு சாட்சியும் உண்டு. அமெரிக்க அரசின் கருவூலத்தில் ‘மனச்சாட்சி நிதி’ என்று ஒரு கணக்கு 1811 முதல் இருந்துவருகிறது. அரசை ஏமாற்றியதற்காகப் பெயர் சொல்லாத ஒருவர் 5 டாலர் அனுப்பியதில் தொடங்கிய கணக்கு அது. அதன்பின் வரி ஏய்த்தவர்களும் அரசுப் பொருளை வீட்டுக்கு எடுத்துப் போனவர்களும் தாமாகவே பணம் அனுப்பி வந்திருக்கிறார்கள். பலர் கையொப்பம் இடுவதில்லை. கேட்காமலே கொடுக்கிறார்கள் என்ற அளவில் இது உங்கள் கட்சிக்குப் பலம். ஆனால் அரசுக்கு முகம் கிடையாது. அதன் கண்ணைப் பார்த்துப் பேச வேண்டியதில்லை. அஞ்சலில் போட்டுவிட்டுத் திரும்பிவிடலாம். ஏமாற்றப்பட்ட உடன்பிறந்தவருக்கோ நண்பருக்கோ இதே போலப் பெயரில்லாமல் பணம் அனுப்புகிறவர் எத்தனை பேர் இருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

மனம் இப்படித் தயங்குவதற்குக் காரணம் உண்டு. லியான் ஃபெஸ்டிங்கர் என்ற உளவியலாளர் 1957இல் விளக்கியபடி, ‘நான் நல்லவன்’ என்ற நம்பிக்கையும் ‘நான் செய்தது தீயது’ என்ற அறிவும் ஒரே மனத்தில் ஒன்றோடொன்று மோதும்போது அந்த முரண் பொறுக்க முடியாத உறுத்தலாகிறது, அந்த உறுத்தலைக் குறைக்கவே மனிதன் முயல்கிறான். குறைக்க வழி இரண்டு. செய்ததைச் சரிசெய்யலாம், அல்லது செய்ததைப் பற்றித் தனக்குத்தானே சொல்லிக்கொள்ளும் கதையைச் சரிசெய்யலாம். முதல் வழிக்குப் பணமும் மானமும் செலவாகும். இரண்டாவது வழி இலவசம். அவன் மட்டும் யோக்கியனா, எல்லோரும் செய்வதுதானே, அவருக்கு இதனால் பெரிய நட்டம் ஒன்றுமில்லையே என்று கதை வளர வளரச் சூடு தணிந்துவிடும். தனியாக விடப்பட்ட நெஞ்சு தன்னைச் சுடுவது மட்டுமல்லாமல், தனக்கு விசிறிக்கொள்ளவும் செய்கிறது.

சமயங்களை நிறுவியவர்கள் இதை நன்றாக அறிந்திருந்தார்கள் என்று தோன்றுகிறது. பௌத்தத் துறவிகள் மாதம் இருமுறை கூடி விதிகளை ஓதும்போது, மீறியவர் அதை வெளிப்படுத்த வேண்டும் என்பது முறை. கத்தோலிக்கத் திருச்சபை 1215இல் கூடிய நான்காம் லாத்தரன் சங்கத்தில், ஒவ்வொருவரும் ஆண்டுக்கு ஒரு முறையாவது பாவ அறிக்கை செய்ய வேண்டும் என்று கட்டளையிட்டது. மனம் தானாக வந்துவிடும் என்று நம்பியவர்கள் தேதி குறித்துக்கொண்டு உட்கார மாட்டார்கள். நம் மனுநீதிச் சோழன் கதையிலும் ஆராய்ச்சி மணியின் கயிறு அரண்மனை வாசலில்தான் தொங்குகிறது. தட்டி எழுப்ப ஒரு பசு வர வேண்டியிருந்தது.

தானாகச் சுடுவதற்கும் தானாக நடப்பதற்கும் இடையில் எவ்வளவு தூரம் இருக்கக்கூடும் என்பதற்கு ஜான் நியூட்டனின் வாழ்க்கையைப் பாருங்கள். ஆங்கிலேயரான இவர் 1748இல் நடுக்கடலில் புயலில் சிக்கி, கடவுளை நினைத்து மனம் திரும்பினார். திரும்பியவர் என்ன செய்தார்? ஆப்பிரிக்கர்களை அடிமைகளாக ஏற்றிச் செல்லும் கப்பல் தொழிலிலேயே இருந்து, பின்னர் கப்பல் தலைவராகவும் உயர்ந்தார். 1754இல் கடல் தொழிலை விட்டதும் உடல்நலம் குன்றியதால்தான். பிறகு பாதிரியார் ஆனார். அடிமை வாணிகத்தில் தாம் செய்தவற்றை வெளிப்படையாக ஒப்புக்கொண்டு சிறுநூல் எழுதியது 1788இல். அடிமை வாணிக ஒழிப்புச் சங்கம் லண்டனில் அதற்கு முந்திய ஆண்டே தொடங்கப்பட்டிருந்தது. அந்த வாணிகத்தை ஒழிக்கப் பாடுபட்ட வில்லியம் வில்பர்ஃபோர்ஸ் போன்றவர்கள் அவரைத் தேடி வந்து பேசியிருந்தார்கள். புயலிலிருந்து கணக்கிட்டால் 40 ஆண்டுகள். அவருடைய வருத்தம் பொய் என்று நான் சொல்ல மாட்டேன். அது மெய்யான வருத்தம். இருந்தும், அதை வெளியே இழுத்து வர மற்றவர்களின் குரல் தேவைப்பட்டது.

கேள்வி: பிடிபட்ட பிறகு ‘மன்னித்துவிடுங்கள்’ என்று அழுகிறவரை நம்பலாமா?
— வழக்கறிஞராகப் பயிற்சி பெறுபவர்

பதில்: அழுகையை வைத்து நம்பவும் வேண்டாம், தள்ளவும் வேண்டாம். விசாரணையில் குற்றத்தை ஒப்புக்கொள்கிறவர்களைப் பற்றி ஆராய்ந்தவர்கள், உள்ளே இருக்கும் உறுத்தலும் ஒரு காரணம்தான் என்றாலும், தனக்கு எதிராகச் சான்று வலுவாக இருக்கிறது என்ற எண்ணமே பலரை ஒப்புக்கொள்ள வைக்கிறது என்கிறார்கள். இதை நீங்கள் உங்கள் மூத்த வழக்கறிஞரிடமே கேட்டு அறியலாம்.

தென்னாப்பிரிக்காவில் நிறவெறி ஆட்சி முடிந்தபின் அமைந்த உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் இந்தச் சிக்கலை நேர்மையாகக் கையாண்டது என்பது என் கருத்து. அரசியல் நோக்கத்துடன் செய்த குற்றங்களை முழுமையாக வெளிப்படுத்துகிறவர்களுக்குப் பொதுமன்னிப்புக் கிடைக்கும் என்று 1995ஆம் ஆண்டுச் சட்டம் சொன்னது. வருத்தம் தெரிவிக்க வேண்டும் என்ற நிபந்தனை அதில் இல்லை. வருத்தத்தை நிபந்தனை ஆக்கினால் நடிப்புத்தான் கிடைக்கும். உண்மையை நிபந்தனை ஆக்கினால், தம் மகன் எங்கே புதைக்கப்பட்டான் என்பதாவது ஒரு தாய்க்குத் தெரியவரும். 7,112 பேர் விண்ணப்பித்தார்கள். 849 பேருக்கு மன்னிப்பு வழங்கப்பட்டது. சட்டமும் சிறை அச்சமும் இல்லாதிருந்தால் இந்த ஏழாயிரம் பேரில் எத்தனை பேர் வாய் திறந்திருப்பார்கள் என்பதை நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள். வெளித் தூண்டுதலால் வந்தவர்கள்தாம் எல்லோரும். ஆனால் வந்து, பாதிக்கப்பட்டவரின் குடும்பத்தார் எதிரே உட்கார்ந்து, தாம் செய்ததைத் தம் வாயால் சொல்லிக் கேட்ட பிறகு உடைந்துபோனவர்களும் அவர்களில் இருந்தார்கள். வருத்தம் முன்னால் வந்து மனிதனை அழைத்து வரும் என்று நாம் எண்ணுகிறோம். சில சமயம் மனிதன் முதலில் வந்து சேருகிறான், வருத்தம் பின்னால் வருகிறது.

கேள்வி: கலிங்கப் போருக்குப் பின் அசோகரை வருந்தச் சொன்னது யார்? அவர் தாமாகவே திருந்தினார் என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டுமா?
— வரலாறு படிக்கும் கல்லூரி மாணவி

பதில்: நல்ல சான்று. ஆனால் நீங்கள் நினைப்பதைவிடச் சிக்கலான சான்று. அவருடைய 13ஆம் பாறைக் கல்வெட்டு, கலிங்கத்தில் 1,50,000 பேர் பிடித்துச் செல்லப்பட்டார்கள், 1,00,000 பேர் கொல்லப்பட்டார்கள், அதைப் போலப் பல மடங்கினர் மாண்டார்கள் என்று சொல்லி, அதற்காக அரசர் வருந்துவதாகவும் சொல்கிறது. தோற்றவர்களால் அவரை ஒன்றும் செய்திருக்க முடியாது. யார் சொல்லியும் வருந்துவதாக அந்தக் கல்வெட்டில் இல்லை. நிக்ரோதர் என்ற இளம் துறவி அவரை மாற்றியதாக இலங்கையின் மகாவம்சம் ஒரு கதை சொல்கிறது. அது பின்னால் எழுதப்பட்டது. ஆகவே, வெற்றி பெற்றவன் ஒருவன் தான் வென்றதற்காகவே வருந்திக் கல்லில் வெட்டி வைத்தான் என்பது உலக வரலாற்றில் அரிதான செய்தி என்பதில் ஐயமில்லை.

ஆனால் அந்தக் கல்வெட்டு எங்கே இல்லை என்பதையும் பாருங்கள். கலிங்கத்துக்குள்ளேயே தௌலியிலும் ஜௌகடாவிலும் அசோகரின் பாறைக் கல்வெட்டு வரிசை இருக்கிறது. அந்த இரண்டு இடங்களிலும் இந்த 13ஆம் கல்வெட்டு மட்டும், அதற்கு முந்திய இரண்டோடு சேர்த்து, விடுபட்டு, அதற்குப் பதிலாக வேறு இரண்டு ஆணைகள் பொறிக்கப்பட்டிருக்கின்றன. அடிபட்டவர்கள் படிக்கக்கூடிய இடத்தில் வருத்தம் இல்லை. மற்ற இடங்களில் இருக்கிறது. புண்ணைக் கிளற வேண்டாம் என்ற பரிவு என்று இதற்கு விளக்கம் சொல்லலாம், ஆட்சியாளனின் எச்சரிக்கை என்றும் சொல்லலாம். கலிங்கத்தைத் திருப்பிக் கொடுத்ததாகவோ, பிடித்துச் சென்றவர்களை ஊர் திரும்ப விட்டதாகவோ எந்தக் கல்வெட்டும் பேசவில்லை. அதே 13ஆம் கல்வெட்டில், காட்டுவாசிகளுக்கு, அரசர் வருந்தினாலும் அவருக்கு வலிமை உண்டு என்ற எச்சரிக்கையும் இருக்கிறது. தாமாகவே வருந்தினார், சரி. தாமாக வருந்துகிறவர், எந்த அளவோடு நிறுத்திக்கொள்வது என்பதையும் தாமே முடிவு செய்துகொள்கிறார்.

கேள்வி: என் ஒன்றுவிட்ட அண்ணன் என் தந்தையின் மறைவுக்குப் பிறகு எனக்குச் சேர வேண்டிய பங்கைத் தந்திரமாகத் தன் பெயருக்கு மாற்றிக்கொண்டார். வழக்குப் போட எனக்கு விருப்பம் இல்லை. அவராக உணர்ந்து வந்து ஒரு வார்த்தை சொன்னால் போதும். நான் போய்ச் சொல்லி அவர் மன்னிப்புக் கேட்டால் அதற்கு மதிப்பு இல்லை என்று எண்ணி ஆறு ஆண்டுகளாகக் காத்திருக்கிறேன். காத்திருப்பது சரிதானா?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அம்மா, இந்தக் கேள்விக்கு என் கதையில் ஒரு பகுதியைச் சொல்லித்தான் பதில் எழுத முடியும்.

இளவயதில் ஓர் அச்சகத்தில் புரூஃப் பார்க்கும் வேலையில் இருந்தேன். ஒரு குடும்பத்தார் கொடுத்த நினைவஞ்சலி அறிவிப்பில், இறந்தவருடைய பெயர் இருக்க வேண்டிய இடத்தில், உயிரோடிருக்கும் மகனுடைய பெயர் அச்சாகிவிட்டது. அந்தப் புரூஃபைப் படித்துச் சரியென்று இனிஷியல் போட்டவன் நான். குடும்பத்தார் வந்து கத்திவிட்டுப் போனபின், புரூஃப் பார்த்த பிறகு எழுத்தைக் குலைத்துவிட்டார் என்று, அச்செழுத்துக் கோக்கும் கம்பாசிட்டர் மீது பழி விழுந்து, அவருக்குப் பத்து நாள் கூலி பிடிக்கப்பட்டது. அவர் என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். ஒன்றும் பேசவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை.

முதல் வாரம் தூக்கம் வரவில்லை. இரண்டாவது வாரம், அவர் எப்போதுமே கொஞ்சம் கவனக்குறைவானவர்தானே என்று தோன்றியது. மூன்று மாதத்தில், நான் பார்த்தபோது பெயர் சரியாகத்தான் இருந்தது என்று மெய்யாகவே நம்பத் தொடங்கியிருந்தேன். அந்தப் பக்கம் இப்போதும் என் கண்முன் வருகிறது, இரண்டு விதமாகவும் வருகிறது.

பதினோர் ஆண்டு கழித்து ஒரு மருத்துவமனை வராந்தாவில் அவரைப் பார்த்தேன். பெஞ்சில் நகர்ந்து எனக்கு இடம் விட்டார். “நல்லா இருக்கீங்களா தம்பி? இன்னும் அதே மாதிரி எழுத்துக்கு எழுத்து பார்க்கிறீங்களா?” என்று கேட்டார். பாராட்டாகத்தான் கேட்டார். எனக்குத் தாங்கவில்லை. அங்கேயே, அவருடைய மருந்துச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு, எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

“தெரியும் தம்பி,” என்றார். “அந்த புரூஃப் ரொம்ப நாள் என் டிராயர்லதான் கெடந்துச்சு. உங்க இனிஷியலோட.”

“அன்னைக்கே ஏண்ணே காட்டல?”

“நீங்களா சொல்வீங்கன்னு பார்த்தேன்.”

பத்து நாள் கூலியை இன்றைய கணக்கில் கொண்டுபோய்க் கொடுத்தேன். வேண்டாம் என்று பெருந்தன்மை காட்டாமல், எண்ணிப் பார்த்து வாங்கிக்கொண்டார். அவர் எனக்குச் செய்த உபகாரங்களில் அதுவே பெரியது.

அம்மா, அவர் அன்று மாலையே அந்தத் தாளை என் மேசையில் வைத்திருந்தால் அன்று மாலையே நான் ஒப்புக்கொண்டிருப்பேன். அந்த ஒப்புதல் பதினோர் ஆண்டு கழித்து வந்ததைவிட மதிப்புக் குறைந்ததாக இருந்திருக்கும் என்று நான் நினைக்கவில்லை. உங்கள் அண்ணன் உணராமல் இருக்கிறார் என்று எண்ணாதீர்கள். முதல் வாரத்திலேயே உணர்ந்திருக்கக்கூடும். ஆறு ஆண்டுகளில் அவர் தமக்கு ஒரு நல்ல கதையைக் கட்டி முடித்திருப்பார், உங்கள் மௌனமும் அந்தக் கதையில் ஒரு செங்கல்லாகியிருக்கும்: ‘அவளே ஒன்றும் கேட்கவில்லையே!’

ஆகவே போய்ச் சொல்லுங்கள், அல்லது எழுதுங்கள். குற்றம் சாட்டும் தொனி வேண்டாம். இன்ன நாளில் இன்னது நடந்தது, எனக்கு அது தெரியும், இன்றுவரை வலிக்கிறது என்ற மூன்று செய்திகள் போதும். அதற்குப் பிறகும் அவர் வராவிட்டால், அவரைப் பற்றி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது உங்களுக்குத் தெரிந்துவிடும். சொல்லித்தான் வந்தார் என்பதால் வந்தது பொய்யாகிவிடாது. வந்த பிறகு அவர் என்ன செய்கிறார், பங்கைத் திருப்பித் தருகிறாரா, வெறும் வார்த்தையோடு எழுந்து போகிறாரா என்பதில்தான் மெய்யும் பொய்யும் தெரியும். வழக்குப் போடாமல் இருப்பது உங்கள் விருப்பம். ஆனால் ஒரு வார்த்தை போதும் என்று இப்போதே விலையைக் குறைத்துவிடாதீர்கள்.

கேள்வி: ஒருவரிடம் வாங்கிய பணத்தை, எழுத்துச் சான்று இல்லாததால், வாங்கவே இல்லை என்று சாதித்துவிட்டேன். யாரும் என்னைக் கேட்கவில்லை; நானாகவே மனம் வருந்தித் திருப்பிக் கொடுக்கத் தேடிப் போனபோது அவர் இறந்துவிட்டார் என்றார்கள். அவருடைய மகள் மட்டும் வெளியூரில் இருக்கிறார். அவருக்கு இது எதுவும் தெரியாது. இனி நான் யாரிடம் போய் மன்னிப்புக் கேட்பது?
— பெயர் வேண்டாம்

பதில்: முதல் கடிதம் எழுதிய ஆசிரியர் உங்களைத் தம் கட்சிக்குச் சாட்சியாக அழைக்கலாம். நீங்கள் உண்மையிலேயே தாமாகப் புறப்பட்டவர், பிந்திப் புறப்பட்டவர் என்றாலும்.

இதே கேள்வியைப் பன்னிரண்டாம் நூற்றாண்டில் யூத அறிஞர் மைமோனிடிஸ் எடுத்துக்கொண்டு, தம் சட்டத் தொகுப்பில் துல்லியமாக விடை எழுதியிருக்கிறார். ஒருவருக்குத் தீங்கு செய்து, மன்னிப்புக் கேட்பதற்கு முன் அவர் இறந்துவிட்டால், பத்துப் பேரை அழைத்துக்கொண்டு அவருடைய கல்லறைக்குப் போய், இறைவனுக்கும் இந்த மனிதருக்கும் நான் இன்ன தவறு செய்தேன் என்று அவர்கள் முன்னிலையில் சொல்ல வேண்டும்; பணம் தர வேண்டியிருந்தால் வாரிசுகளிடம் கொடுக்க வேண்டும்; வாரிசு யாரென்று தெரியாவிட்டால் நீதிமன்றத்தில் செலுத்திவிட வேண்டும். பத்துப் பேர் எதற்கு என்று கேட்டால், தனியாகப் போகிறவன் கல்லறையிடமும் தனக்குச் சாதகமான கதையைச் சொல்லிவிட்டு வரக்கூடும் என்பதற்காக இருக்கலாம் என்று நான் நினைத்துக்கொள்வேன். மைமோனிடிஸ் அப்படிக் காரணம் ஒன்றும் சொல்லவில்லை.

குடிப்பழக்கத்திலிருந்து மீள்வதற்காக 1935இல் தொடங்கிய ‘ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்’ அமைப்பின் பன்னிரண்டு படிகளில் ஒன்பதாவது, தீங்கு இழைக்கப்பட்டவருக்கு நேரில் ஈடு செய்யச் சொல்லிவிட்டு, அப்படிச் செய்வது அவருக்கோ மற்றவருக்கோ கேடு தருமானால் தவிர்க்கச் சொல்கிறது. உங்கள் மனப்பாரத்தை இறக்குவதற்காகத் தந்தையை இழந்த ஒரு பெண்ணின் மேல் அதைத் தூக்கி வைக்கலாகாது என்று நீங்கள் தயங்கினால், அந்தத் தயக்கம் நியாயமானது. ஆனால் உங்கள் விஷயத்தில் அந்த விதிவிலக்கு பொருந்தாது. தம் தந்தை ஏமாந்தார் என்பதைக் கேட்டு அவர் வருந்தக்கூடும். தம் தந்தை பொய் சொல்லவில்லை என்பதையும் அவர் அப்போதுதான் அறிவார். வாங்கவே இல்லை என்று நீங்கள் சாதித்த நாளில், வீட்டுக்குப் போன அந்த மனிதர் தம் வீட்டாரிடம் என்ன சொல்லியிருப்பார், அவர்கள் அதை நம்பினார்களா என்பது உங்களுக்கும் எனக்கும் தெரியாது. அவருடைய மகளுக்குத் தெரிந்திருக்கலாம். பணத்தோடு நேரில் போங்கள்.